காற்றின் மேல் போடாத பழி

அப்பா சாகக் கிடந்தபோது வீட்டுக்குப் போன் எடுத்ததாகவும், லைன் கிடைக்கவில்லை என்றும் அண்ணன் சொன்னதை நான் நம்பவேயில்லை. மெல்பனிலிருந்து வந்தவரை, துறைமுகத்தை ஒட்டி நான் விளையாடும் தனியார் கோல்ஃப் திடலுக்கு மனமில்லாமல்தான் கூட்டிப்போனேன். மழை காணாத தரை சிமெந்துபோல இறுகியிருந்தது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் நின்ற பந்துகூட உருண்டது.

கடைசிக் குழிக்குச் சற்றுமுன், காய்ந்த புல்லில் குனிந்த அண்ணன் நிமிர்ந்தார்.

"பந்து அசைஞ்சிட்டுது. எனக்கு ஒரு அடி கூட்டிப் போடு."

"காத்துத்தானே அசைச்சது?"

"இல்லையடா, என்ர மட்டை பட்டது."

யாருமே பார்க்கவில்லை. காற்றின் மேல் பழியைப் போட்டிருந்தால் நானே தலையாட்டியிருப்பேன். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் ஆட்டத்தில், அந்த ஓர் அடி கூடியதால் அவர் என்னிடம் தோற்றார்.

வாகனத்தில் ஏறும்போது கேட்டேன்: "அண்ணா, அண்டைக்கு எத்தினை தரம் போன் எடுத்தனீங்கள்?"

எடுத்தீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.