கண்ணுக்குள் பறந்த பூச்சி

பசியில் தலை சுற்றினால் எங்கள் பக்கத்தில் 'கண்ணுக்குள் பூச்சி பறக்குது' என்போம். நானே ஒரு நாளைக்கு நாலு முறை சொல்வேன். அதனால் என் ஒன்பது வயது மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, கண்ணுக்குள்ள பூச்சி பறக்குது" என்றபோது நான் திரும்பியும் பார்க்கவில்லை.

"காலமை சாப்பிடாமல் ஓடினால் பூச்சி மட்டுமோ, காகமும் பறக்கும். இரு, சோறு போடுறன்."

சோற்றைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பவள் அவள். பசியை அவளே ஒப்புக்கொண்டது எனக்கு வசதியாகப் போய்விட்டது. வல்லாரைச் சம்பலும் மீனும் பிசைந்து ஊட்டினேன்.

அடுத்த கிழமையும் சொன்னாள். "சாப்பிட்டாப் பிறகும் பறக்குதம்மா. வலது கண்ணில மட்டும். கறுப்பு வட்டமாக் கிடக்கு, தானா அசையுது."

எனக்கு மூக்கின் மேல் கோபம். "கதையை விட்டிட்டுத் தின்" என்று அதட்டினேன். அதன்பின் அவள் அந்தக் கதையை எடுக்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

ஒரு பின்னேரம் கடற்கரை வீதியில், எங்கள் ஊரில் மாடுகளைப் போலத் தெருவில் திரியும் மான்கள் நின்றன. வலப்பக்கம் நின்ற மானின் மேல் அவள் நேரே போய் மோதி விழுந்தாள். அப்போதுதான் அந்தப் பூச்சிக் கதை எனக்கு ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் நெடுநேரம் பார்த்தார்.

"பிள்ளைக்கு உள்ளுக்கு இருக்கிறது பூச்சிதான். நாடாப்புழுவின்ர முட்டை வயித்துக்குள்ள போய், அதின்ர குஞ்சு இரத்தத்தோட வந்து கண்ணுக்குள்ள நீர்க்கட்டியா இருக்கு. மூளைக்குப் போறது உண்டு. கண்ணுக்கு வாறது அபூர்வம்."

"அது பன்றி இறைச்சி தின்னுறவைக்கெல்லோ வரும்? எங்கட வீட்டுப் படியே ஏறாது!" என்று சண்டைக்குப் போனேன்.

"இறைச்சி தின்னத் தேவையில்லை. புழு இருக்கிற ஆள் வெளிக்குப் போனால் மலத்தோட வாற முட்டை கீரையில ஒட்டும், தண்ணியில கலக்கும். எதில வந்தது எண்டு இனிச் சொல்ல ஏலாது."

சொல்ல ஏலாதுதான். ஆனால் ஞாபகசக்திக்கு நல்லதென்று, அவசரத்தில் ஒரே தண்ணீரில் அலசி, நான் பச்சையாக அரிந்துபோட்ட வல்லாரை அத்தனையும் என் கண் முன்னே வந்தது.

"எப்ப தொடக்கம் சொல்லுறா?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவாளோ என்று ஒரு கணம் பயந்தேன். இப்போதும் அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

"முந்தாநாள் தொடக்கம்" என்றாள் மகள், என்னைப் பார்க்காமலே.

"இல்லை, டாக்டர். மூண்டு மாசம்" என்றேன்.

மருந்து கொடுத்துப் புழுவைச் சாகடித்தால் கண் இன்னும் கெட்டுவிடுமாம், வெட்டித்தான் எடுக்க வேண்டுமாம். கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே வெட்டிய டாக்டர்கள், முழுதாக எடுத்துவிட்டோம், பார்வை மிஞ்சியிருக்கிறதா என்பது கண்கட்டை அவிழ்த்தால்தான் தெரியும் என்றார்கள்.

கட்டு அவிழ்த்த காலையில் தாதி அவளுடைய நல்ல கண்ணைப் பொத்தினாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று, தெரிந்த கோயிலுக்கெல்லாம் நேர்ந்துகொண்டிருந்தேன். சிங்கள டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில், "விரல் எத்தனை, சொல்லுங்க மகள்" என்று கேட்டார்.

"மூண்டு!" என்றாள் உடனே, என் பக்கமாகச் சிரித்துக்கொண்டு.

டாக்டர் இன்னும் கையைத் தூக்கவே இல்லை.