பால் விடாத சொதி

குளிக்கும்போதுதான் அது கையில் பட்டது. இடது மார்பில், புளியங்கொட்டை அளவு. நோகவில்லை. நோகாததால் மூன்று மாதம் பேசாமல் இருந்தேன். அந்த மடத்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள்.

பிறகு வட்டக்கச்சியிலிருந்து பாஸ் (பயண அனுமதி) எடுத்து, கணவரோடு வவுனியாவுக்குப் போனேன். கட்டியில் சிறு துண்டெடுத்துச் சோதித்தார்கள்.

"கொழுப்பு இழையத்துக்கை (திசுவுக்குள்) இருக்கிற கட்டியம்மா. புற்றுநோய்தான். ஆனா வேறை இடத்துக்குப் பரவேல்லை, வெட்டி எடுக்கலாம்" என்றார் பெண் டாக்குத்தர்.

எனக்குக் கேட்டது 'கொழுப்பு' மட்டும்தான். என் வாய்த்துடுக்குக்கு இவர், என் கணவர், கலியாணம் கட்டிய நாள் முதல் சொல்லிவந்த சொல் அது: "கொழுப்படி உனக்கு!" அது பலித்துவிட்டதென்று விம்மி விம்மி அழுதேன். அன்றோடு அவரும் அந்தச் சொல்லை விட்டுவிட்டார்.

கொழுப்பை நிறுத்தினால் கட்டி செத்துவிடும் என்று நானே தீர்மானித்தேன். திருவிய தேங்காய்ப்பூ இல்லை, எண்ணெய் இல்லை, சொதிக்குத் தேங்காய்ப்பாலும் இல்லை.

"இதென்னப்பா, ஆருக்கு விரதம்?" என்றார் இவர்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. நான் கட்டியைப் பட்டினி போடுறன்!"

ஒப்பரேசனுக்குப் போனால், உடம்பில் இரத்தம் காணாது, நிறையும் குறைந்துவிட்டது என்று ஒரு மாதம் பிற்போட்டார்கள். அந்த மாதத்துக்குள் பரவிவிட்டால்? பட்டினி போட்ட கதையை டாக்குத்தரிடம் முழுக்கச் சொன்னேன்.

டாக்குத்தர் ஏசவில்லை. "அந்தக் கட்டி தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே செய்யும். பக்கத்துக் கலங்களிட்டையும் (செல்களிடமும்) பறிக்கும். சுத்தியிருக்கிற இடம் இடங்குடுத்தால் இன்னும் வளரும்" என்றார்.

"வயலுக்கை கோரை மாதிரியோ?"

"ஓம். கோரை சாகட்டுமெண்டு வயலுக்குத் தண்ணியை மறிச்சால் எது முதல் சாகும்?"

"நெல்லு" என்றேன். வெட்கமாகப் போய்விட்டது.

வீடு திரும்பியதும் இவரே தேங்காய் திருவி, கெட்டிப்பால் விட்டுச் சொதி வைத்தார். உப்புக் கூடிவிட்டது. குறை சொல்லாமல் இரண்டு கோப்பை குடித்தேன்.

அடுத்த மாதம் மார்பை எடுத்தார்கள். கட்டி பரவியிருக்கவில்லை.

இப்போது ஒரு வருடமாகிறது. மழைக்கு முன்னால் தழும்பு இழுக்கும். முன்பு நெல் விளைச்சலில் போகத்துக்குப் போகம் நாள் எண்ணினேன். இப்போது ஒரு சோதனையிலிருந்து அடுத்த சோதனை வரை எண்ணுகிறேன். இடையில் வரும் நாட்கள் முன்னைவிட நீளமாக இருக்கின்றன, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

போன கிழமைச் சோதனையிலும் ஒன்றுமில்லை. அன்றும் இவர்தான் சொதி வைத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "கடல்தண்ணியையோ காய்ச்சினனீங்கள்?" என்றேன்.

"கொழுப்படி உனக்கு!" என்றவர், திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் அந்தக் கையை விலக்கினேன். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."