பரளச்சிப் பக்கம் முழங்கால் பார்க்கப் போன கதை

கோயில் பார்க்கவும் அருவி பார்க்கவும் போனவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் முழங்கால் பார்க்கப் போனேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வைகாசி வெயிலில், அருப்புக்கோட்டை திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் கிராமங்களுக்கு. மூட்டுத் தேய்மானம் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது, வந்த பிறகு ஆளை என்ன செய்கிறது என்று ஆராய்ந்த ஒரு மருத்துவக் குழுவில் நான் இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட். அதே மாதிரிக் கள ஆய்வுக்குத் தெற்கே போகப் போவதாகச் சொல்லி, "எப்படிப் போவது, என்ன கேட்பது?" என்று சிலர் இங்கே கேட்டிருந்தார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அன்றைக்கு அது ஒற்றைச் சாலை. காலை ஆறரை மணி பஸ்ஸில் ஏறினால் எட்டு மணிக்கு இறங்கலாம், டிக்கெட் பத்து ரூபாய்க்குள்தான். நடுவில் காரியாபட்டியில் பாதி பஸ் இறங்கி அதைவிட அதிகமாக ஏறும். சந்தை நாளில் போனீர்களானால் உங்கள் மடியில் ஒரு கோழியாவது வந்து உட்காரும். எனக்கு இரண்டு வந்தன.

அருப்புக்கோட்டையில் எங்களுக்காக வாடகை ஜீப் காத்திருந்தது. ஓட்டுநர் அந்தோணி, பாளையம்பட்டிக்காரர். கண்ணாடிக்கு மேலே மாதா படம், கியர் பக்கத்தில் வெற்றிலைப் பொட்டலம். நான் டாக்டர் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். "அதுக்கென்ன, டாக்டரம்மா" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அங்கிருந்து பரளச்சி இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். பரளச்சிக்கு அப்பால் நாங்கள் ஆய்வு செய்த ஊருக்குப் போக வண்டிப்பாதைதான், அதில் ஜீப் குதித்த குதியில் என் முழங்காலையே யாராவது ஆராய்ந்திருக்கலாம்.

எதை ஆராய்ந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். மூட்டில் இரண்டு எலும்புகள் உரசாமல் இருக்கக் குருத்தெலும்பு என்று ஒரு மெத்தை இருக்கிறது. அது கெட்டால் மூட்டு முழுவதும் கெடும். வயசானால் தேயும், அவ்வளவுதான் என்று பலர் கையைக் கழுவிவிடுவார்கள். அப்படியானால் ஒரே வயசுக்காரர்களில் ஒருத்தர் ஓட, ஒருத்தர் ஏன் நொண்டுகிறார்? உடம்பு எடையா, செய்த வேலையா, பழைய அடியா, பரம்பரையாக வரும் குடும்ப வாகா? குடும்ப வாகைப் பிடிக்கத்தான் எங்கள் குழு கூடப் பிறந்தவர்களாகத் தேடியது. அண்ணன், தங்கை இரண்டு பேரையும் பரிசோதித்து, இரண்டு பேருக்கும் எக்ஸ்ரே எடுப்பது என்று ஏற்பாடு.

முதல் நாள் ஊர்ச் சாவடியில் வைத்துக் கேட்டோம். குழுத் தலைவரான பெரிய டாக்டருக்குச் சாவடி பிடித்திருந்தது. நிழல் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க எந்த ஆண்பிள்ளை வலிக்கிறது என்பான்?

"முழங்கால் வலி இருக்கா?"

"வலியா? எனக்கா? இப்பச் சொல்லுங்க, திருச்சுழிக்கு நடந்தே போயிட்டு வாரேன்."

அத்தனை பேரும் இப்படியேதான். அந்த ஊரில் முழங்கால் வலி என்பதே கிடையாது என்று எழுதிக்கொண்டு மதுரைக்குத் திரும்ப வேண்டியதுதான் போலிருந்தது.

வேலுச்சாமி என்பவரை அங்கேதான் பார்த்தேன். ஐம்பதை ஒட்டிய வயசு, நல்ல உயரம், வெள்ளை வேட்டி. சொந்தக் காட்டில் பருத்தியும் கொத்தமல்லியும் போடுகிறவர். எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் சைக்கிள் கேரியரில் சாய்ந்து நின்றார். உட்காரச் சொன்னதற்குப் பக்கத்திலிருந்தவர் பதில் சொன்னார். "அவுகளுக்கு உக்கார நேரமேதும்மா? நிக்கிற மனுசன்." ஊரே அதைப் பெருமையாக நினைத்திருந்தது. என் தொழில் புத்தி சும்மா இருக்குமா? அவர் இடது காலில் பாரமே போடவில்லை என்பதைப் பார்த்துவிட்டேன். வலி இருக்கா என்றதற்கு அவரும் சிரித்துக்கொண்டே இல்லையென்றார்.

மத்தியானம் அவருடைய தங்கை பாண்டியம்மாள் வீட்டில் சாப்பாடு. அதே ஊர், மேலத்தெரு. குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். அவர் அடுப்பை இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி வைத்திருந்தார். "டவுனு மாதிரி இருக்கட்டும்னுதான்" என்றார். நான் அவருடைய முழங்காலைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உக்காந்தா எந்திரிக்க முடியல தாயி. வெளிய சொல்லிராதீக. மாமியா வீட்டுல, வேலைக்குச் சோம்பிக்கிட்டு நொண்டுறான்னு பேசுவாக."

அவருக்கு ஒரே மகள், ஏழு வயசு. காது குத்தவில்லை. அந்தப் பக்கத்தில் ஏழு வயசுப் பெண்ணுக்குக் காது குத்தாமல் இருந்தால் தெருவே கேள்வி கேட்கும். தாய்மாமன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். சீர் கொண்டு வருவதும் அவர்தான். அந்தத் தாய்மாமன் நம் வேலுச்சாமி.

"மூணு தேதி குறிச்சாச்சு. மூணையும் தட்டிவிட்டாக. சீரு செய்யப் பயந்துக்கிட்டு ஒளியிறாக. வார வெள்ளிக்கிழமை கோயில்ல வச்சிருக்கோம். அன்னைக்கும் வரலைன்னா, எம் வீட்டுக்காரரோட பெரியப்பா மகன் ஒருத்தரு மடியில வச்சுக் குத்திருவோம். அதுக்குப் பெறகு அவுக யாரோ, நான் யாரோ."

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாது. தாய்மாமன் உயிரோடு, அதே ஊரில் இருக்கும்போது இன்னொருவர் மடி கொடுத்தால் அது உறவை அறுத்துப் போடுவது. கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், செத்தால் பிறந்த வீட்டுக் கோடித்துணிகூட வராது. வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. அவர் ஏன் ஒளிகிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும் போலிருந்தது. ஒருவர் உடம்பைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. தொண்டை வரை வந்ததைக் கருவாட்டுக் குழம்போடு சேர்த்து விழுங்கினேன்.

மறுநாள் எக்ஸ்ரேவுக்கு வரப் பாண்டியம்மாளைச் சம்மதிக்க வைத்துவிட்டு, சாப்பிட்ட கையோடு வேலுச்சாமி வீட்டுக்குப் போனேன். உயரமான படிகள் ஏறி உள்ளே போனால் கூடம் முழுக்கப் பருத்தி மூட்டை. விலை ஏறட்டும் என்று வைத்திருந்தார். ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, இடது காலை நீட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் மடக்கப் பார்த்து, முடியாமல் விட்டார்.

"வலி இருக்கான்னு இனிமே கேக்கல" என்றேன். "முழங்காலுக்காக எதையெல்லாம் விட்டீங்க, அதைச் சொல்லுங்க."

நீட்டிய முழங்காலை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "காதுகுத்தை விட்டேன்" என்றார்.

எழுந்து, மூட்டையைப் பிடித்துப் பிடித்து நடந்து, ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். பட்டுப் பாவாடை, தங்கத் தோடு, வெள்ளிக் கொலுசு. முதல் தேதி குறித்தபோதே வாங்கியது. பாவாடை இப்போது பிள்ளைக்குக் குட்டையாகியிருக்கும் என்றார். அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

"தரையில உக்காந்திருவேன் தாயி. எந்திரிக்க மாட்டேன். சபையில நாலு பேரு கைத்தாங்கலாத் தூக்கிவிட்டா, அது பிள்ளைக்கு ஆகுமா? கஞ்சப்பயன்னு பேசிட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன். அவளும் கோவத்துல இந்தப் படியேறி வாரதே இல்ல."

கஞ்சன் என்ற பெயரை வாங்கிக்கொள்வாராம், கால் போனவன் என்ற பெயரை வாங்க மாட்டாராம்! எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தங்கை படியேறாததற்கும் கோபம் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் சொன்னேன். "நாளைக்குக் காலையில அருப்புக்கோட்டைக்கு எக்ஸ்ரே எடுக்க ஜீப் போகுது. கூடப் பிறந்தவங்க சேர்ந்து வந்தாத்தான் எங்களுக்குப் பிரயோஜனம். உங்க தங்கச்சி வர்றாங்க. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

"அவ முன்னால நொண்டிக்கிட்டு இறங்கணுமாக்கும்."

"ஆமா" என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சாவடி முன்னால் வந்து நின்றார். காலை மடக்க முடியாதென்பதால் முன் சீட். பிறகு மேலத்தெருவில் ஏறிய பாண்டியம்மாள் பின்னால் என்னோடு. அருப்புக்கோட்டை வரை அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாதி வழியில் அந்தோணியால் பொறுக்க முடியவில்லை. "டாக்டரம்மா, இந்த ஜீப்புல எப்பவும் இம்புட்டு அமைதி இருந்ததில்ல. எஞ்சின் சத்தம் எனக்கே கேக்குது."

எக்ஸ்ரே கூடத்து வாசலில் பாண்டியம்மாள் முதலில் இறங்கினார். முதுகைக் காட்டித் திரும்பி, கம்பியைப் பிடித்து, கெட்ட காலை முதலில் தரைக்கு இறக்கினார். சேலையைச் சரிசெய்துகொண்டு முன்பக்கம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அங்கே வேலுச்சாமி முதுகைக் காட்டித் திரும்பி, கம்பியைப் பிடித்து, கட்டிலிலிருந்து இறங்கும் குழந்தை மாதிரி இடது காலால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒனக்குமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "ஒனக்குமாத்தா?"

"அடப் பாவி மனுசா! முட்டிக்காகவா மூணு தேதிய மாத்துன? ஒன்னிய என்னென்ன பேசிட்டேன் நான்!" பாண்டியம்மாள் அழுதுகொண்டே திட்டினார். திட்டிக்கொண்டே கை கொடுத்து இறக்கினார். அந்தோணி அந்தப் பக்கம் திரும்பி, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

படங்கள் வந்தன. தங்கையின் முழங்காலில் எலும்புகளுக்கு நடுவே இருந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. அண்ணனுக்கு அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதிகம் முடங்கியவர் அவர்தான். படத்தையும் வலியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று நான் இன்றைக்கும் சொல்வதற்கு இந்த இரண்டு படமும் காரணம். தொடைத் தசைக்குப் பயிற்சி, எதிலிருந்து எப்படி எழுந்திருப்பது, எதைத் தூக்கக் கூடாது என்று அங்கேயே சொல்லிக் கொடுத்தேன். பெரிய டாக்டரிடம் சாவடிக் கேள்வியை மாற்றச் சொன்னேன், அவரும் மாற்றினார்.

இனி, போகிறவர்களுக்கு. மாசி, பங்குனியில் போகாதீர்கள், பருத்திக் காட்டில் இருப்பார்கள். வைகாசி சூடு தாங்குமென்றால் அதுதான் நல்ல மாதம், ஆட்கள் வீட்டில் கிடைப்பார்கள். தங்குவதற்கு அருப்புக்கோட்டை, குடிக்கத் தண்ணீர் கையோடு. கேள்விகளை வீட்டுக்குள் கேளுங்கள், தனித்தனியாக. வலிக்கிறதா என்பதைக் கடைசியில் வையுங்கள். எதை விட்டீர்கள் என்று முதலில் கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். அந்த இரண்டாவது பாதி எனக்கு இன்னும் கஷ்டம்தான்.

வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எங்களையும் அழைத்திருந்தார்கள். ஊருக்கு வெளியே, கருவேல நிழலில் சின்னக் கோயில். பட்டுப் பாவாடை குட்டைதான், பிள்ளைக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. காது குத்துகிற ஆசாரி பாயை விரித்து, "தாய்மாமன் உக்காரலாம்" என்றார்.

வேலுச்சாமி பாயின் முன்னால் நின்றார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவையும் தட்டிக் கழிப்பார் என்று எதிர்பார்த்த முகங்கள்தான் அதிகம்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார் சத்தமாக. "எனக்கு முட்டி தேஞ்சு போச்சு. தரையில உக்காந்தா எந்திரிக்க மாட்டேன். அதான் இத்தன நாளு வரல. என் வண்டியில ஒரு பருத்தி மூட்டை கிடக்கு, தூக்கியாங்கய்யா."

மாமன் மடி மண்ணில் படவேண்டாமா என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். "பருத்தி எங்கிட்டு வெளையிது? மண்ணுலதான!" என்றார் பாண்டியம்மாள். பெரியவர் நகர்ந்து வழி விட்டார். மூட்டை வந்தது. அவர் உட்கார்ந்தார், பிள்ளை மடியில் ஏறியது, ஊசி குத்தியதும் ஊரே கேட்கும்படி அழுதது. குத்தி முடிந்ததும் மாமன் ஒரு கையால் பிள்ளையை அணைத்தபடி, மறுகையால் தங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

பந்தி நடக்கும்போது என் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். சாவடியில் திருச்சுழிக்கு நடந்தே போய்வருகிறேன் என்றவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அந்த ஜீப்பு திரும்பவும் எப்பம்மா போகும்?" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றார்கள், ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை வைத்துக்கொண்டு. அன்றைக்குச் சாயங்காலம் ஜீப்பில் எனக்கு இடம் இல்லை. நான் பஸ்ஸில் வந்தேன்.