அத்தையின் சேலைக்கு என்ன நிறம்?

அம்மையும் இல்ல, காச்சலும் இல்ல. உள்ள வாட்டி ரகுமத்து, வாசல்லயே நின்னு மூக்கைப் பொத்தாதே. பழைய வேட்டியைக் கிழிச்சு மஞ்சத் தண்ணியில முக்கிக் கொடியில போட்டிருக்கேன், அம்புட்டுதான். அதைப் பாத்துட்டு, ஆச்சி வீட்டுல யாருக்கோ அம்மை போட்டிருக்குன்னு தெரு பூராச் சொல்லியிருப்பியே நீ! இரி. காப்பி குடிக்கியா? வேண்டாமா? சரி, பால் மிச்சம். இதுக்கெல்லாம் காரணம் எம் பேரன், அந்த மெட்ராஸ்காரன். லீவுக்கு வந்தவன் தின்னமா, குத்தாலத்துல போய்க் குளிச்சமான்னு கெடக்கப்படாதா? கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் அடிக்கேன்னு உக்காந்திருக்கான். இன்னைக்குச் சாயங்காலம் ஒன் வீட்டுப் பெரிய டிவியில போட்டுக் காட்டப்போறானாம், ஒன்கிட்ட கேட்டானா? கேட்டிருக்க மாட்டான். ஒன் புருசன் துபாய்ல வேத்து விறுவிறுத்து அனுப்புன டிவி, இவனுக்கு ஊர்ச் சொத்து.

எனக்கு எழுத்தும் தெரியாது, படிப்பும் தெரியாது. படம் பாக்கத் தெரியும். போன வாரம் பிள்ளையளக் கூட்டி உக்கார வச்சு செல்போன்ல ஒரு பழைய படத்தைப் போடச் சொன்னேன். சின்னவ, "ஏன் ஆச்சி, மழை பேயுத மாதிரி கோடு கோடா வருது?"ங்கா. பாட்டு வந்தா தள்ளிவிடுதா. அழுகை வந்தாலும் தள்ளிவிடுதா. ஒரு முழுப் படத்தைப் பல்லு தேய்க்க நேரத்துல பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா, செத்த மூதி. இதைப் பாத்துட்டுத்தான் இவனுக்கு யோசனை. கலர் அடிச்சுக் குடுத்தா இப்பத்த பிள்ளைய பாக்குமாம். எந்தப் படத்தை எடுத்திருக்கான் தெரியுமா? குத்தாலத்துல எடுத்த படம். எங்க அத்தை நடந்துபோன படம்.

காலையில செல்போனை மூஞ்சிக்கு நேர நீட்டுதான். எனக்கு ஓங்கரிச்சுட்டு வந்துச்சுட்டி. ஆம்பளை மூஞ்செல்லாம் பரங்கிப் பழம். கதாநாயகி வாய், வெத்தலை போட்டுட்டுத் துப்பாம வச்சிருக்கவ வாய் மாதிரி. அருவியைப் பாத்தா, மைக்கூட்டைக் கவுத்துன நீலம்! குத்தால அருவி என்னைக்கு நீலமா விழுந்துச்சு? வெள்ளம் வந்தாச் செந்தண்ணி, இல்லேன்னா பால். நமக்குத் தெரியாதா? எல்லாத்துக்கும் சாயத்தை அப்பியிருக்கு. எங்க அத்தைக்கு மட்டும் வெள்ளைச் சேலை. "ஏலே, யாரு சொன்னா வெள்ளைன்னு?" கேட்டேன். "கம்ப்யூட்டர் அதுவாக் கண்டுபிடிக்கும் ஆச்சி"ங்கான். கண்டுபிடிச்சிச்சு, எளவு!

எங்க அத்தைன்னா எங்க அப்பாகூடப் பொறந்தவ. பதினாலுல கட்டிக் குடுத்து, பதினாறுல தாலியை வாங்கிட்டுத் திருப்பி அனுப்பிட்டாவ. அதுக்குப் பொறவு வெள்ளைதான். பூ கெடையாது, மஞ்சள் கெடையாது. ஒரு கல்யாண வீட்டு நடையை மிதிச்சது கெடையாது. அத்தை எதுக்க வந்தாப் போற காரியம் விடியாதுன்னு தெருப் பொம்பளைய காறித் துப்பிட்டு மறுபடி வீட்டுக்குள்ள போவாளுவ. அவளுவ துப்புன எச்சி இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்கு. ஒருத்தியும் இப்ப உசுரோட இல்ல, இருந்தா நான் பதிலுக்குத் துப்புவேன்.

எனக்கு அப்பம் பத்து வயசு. உடம்பெல்லாம் வேனல் கட்டி. அருவித் தண்ணி மேல விழணும்னு வைத்தியர் சொல்லிட்டாரு. கூட்டிட்டுப் போக வீட்டுல வேற யாருக்கும் கை ஒழியல, அத்தையை அனுப்புனாவ. குதிரை வண்டி. அந்தக் குதிரை போற வழி பூராவும் எங்க மூஞ்சிக்கு நேரயே... சரி, நீ சாப்பிட்டு வந்திருப்பே, அதை விடு. அங்கன போனா அருவிக்கரை பூராக் கூட்டம். சினிமா எடுக்காவ. கதாநாயகி பாடிட்டுப் போக, பின்னால நாலு பொம்பளைய குடத்தோட நடக்கணுமாம். மூணுதான் இருக்கு. தொப்பி போட்ட ஒரு ஆளு நேர அத்தைகிட்ட வந்து, "நீங்க வாங்கம்மா, ஆனா இந்த வெள்ளை ஆகாது, காமிராவுக்குக் கண்ணு கூசும்"னான். உடுப்புப் பெட்டி வச்சிருந்த பொம்பளை ஒரு சேலையை எடுத்து நீட்டுனா. மஞ்சள்! அரைச்சு அப்பம்தான் கல்லுல இருந்து வழிச்ச மஞ்சள் மாதிரி.

அத்தை அதைத் தொடல. அங்கனயும் இங்கனயும் பாத்தா. நம்ம தென்காசி ஆள் ஒருத்தரும் இல்ல. பொறவு வெடுக்குனு வாங்கிட்டுப் பாறைக்குப் பின்னால போனா. திரும்பி வந்தவளை எனக்கு யாருன்னே தெரியலட்டி. நான் அத்தை எங்கன்னு தேடுதேன், அந்த மஞ்சச் சேலைக்காரி என் தலையில குட்டி, "ஏட்டி, நான்தான்"ங்கா. குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு மூணு தடவை நடந்தா. சரியா நடந்தும் இன்னொரு தடவை நடக்கட்டான்னு கேட்டா! திருப்பிக் குடுக்கதுக்கு முன்னால சேலையை மூஞ்சியில வச்சு மோந்து பாத்தா. எத்தனை பேரு கட்டுன சேலையோ, வேர்வையும் பவுடரும் சேந்து குப்புனு நாத்தம். "தூ, கீழ போடு அத்தை"ன்னேன். "இருக்கட்டும்ட்டி"ன்னா. வண்டியில வரும்போது பண்பொழி முருகன் மேல சத்தியம் வாங்கிக்கிட்டா, உசுரு போனாலும் மஞ்சள் கட்டுனதைச் சொல்லப்படாதுன்னு.

ஒரு வருசம் கழிச்சுத் தென்காசி டூரிங் கொட்டகைக்கு அந்தப் படம் வந்துச்சு. குத்தாலத்துல எடுத்த படம்னு மாட்டு வண்டியில தப்படிச்சுச் சொல்லிட்டுப் போறாவ. அத்தை அடுப்படியில அப்படியே உக்காந்துட்டா. அவ அதுவரைக்கும் ஒரு படம்கூடப் பாத்தது கெடையாது, யாரு கூட்டிட்டுப் போறா? காமிரா பாத்ததெல்லாம் பாத்த நிறத்துலயே திரையில வந்துரும்னு நினைச்சுட்டா. ஊரு பூரா மஞ்சளைப் பாக்கப்போவுது, அண்ணன் வெட்டிப்போட்டுருவான்னு மூணு நாளு சோறு இறங்கல. எனக்கு மட்டும் என்ன தெரியும், அதுதான் எனக்கும் முதல் படம். அவளை வீட்டுல விட்டுட்டு நாங்க எல்லாரும் போனோம். மணல்ல உக்காந்திருக்கேன். பீடிப் புகை, முறுக்கு எண்ணெய், பக்கத்துல ஒரு பிள்ளை மணலை நனைச்சு வச்சிருக்கு.

பாட்டு வந்துச்சு. அத்தையும் வந்தா. எங்க அப்பா விருட்டுனு எந்திரிச்சாவ. பின்னால இருந்த ஒருத்தன், "அண்ணாச்சி, அது ஒங்க தங்கச்சில்லா?"ன்னான். அப்பா மூஞ்சி கறுத்துப் போச்சு. ஆனா நல்லா உத்துப் பாத்துட்டுத் துண்டை உதறித் தோள்ல போட்டாவ. "ஆமாவே, எந் தங்கச்சிதான். அருவிக்குப் போன இடத்துல குடிக்கத் தண்ணி எடுத்துட்டு வாரா, இவனுவ படம் பிடிச்சுட்டானுவ. பாரும், வெள்ளைச் சேலையில எப்படி அடக்கமா நடக்கா!" அந்த மஞ்சச் சேலை திரையில வெள்ளையாத் தெரியுதுட்டி! கறுப்பு வெள்ளைப் படத்துல மஞ்சள் வெள்ளையாத்தான் விழும்னு காமிராக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு, எங்களுக்குத் தெரியல. அப்பாவுக்குப் பெருமை தாங்கல, மறுநாளும் ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போனாவ.

நான் வீட்டுக்கு ஓடிவந்து, "அத்தை, தப்பிச்சே! வெள்ளையாத்தான் தெரிஞ்சுச்சு"ன்னேன். கட்டிப் பிடிச்சுக்கிடுவான்னு பாத்தேன். அவ சட்டியைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தா. பொறவு, "வெள்ளையாவா?"ன்னா. "நல்லாப் பாத்தியா?"ன்னா. "நல்லாப் பாத்தேன்"னேன். "அந்தக் காமிராச் சவத்துக்கும் என்னைப் பாத்தா வெள்ளைதான் தெரியுதாக்கும்" அப்படின்னுட்டு சாம்பலை அள்ளி வச்சு மறுபடி தேய்க்க ஆரம்பிச்சா. அதுக்குப் பொறவு சாகுற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கல. வெள்ளையிலதான் எரிச்சோம்.

இப்பம் சொல்லு. எங்க அப்பா ஒரு வெள்ளை போத்துனாவ, ஊரு ஒரு வெள்ளை போத்துச்சு. இத்தனை வருசம் கழிச்சு இந்த எழவு பிடிச்ச கம்ப்யூட்டரும் வந்து அதே வெள்ளையைப் போத்துது! கலர் அடிக்கதே ஒரு அசிங்கம், நான் பாத்த படத்தைக் கெடுத்து வச்சிருக்கான். ஏலே, நீ எந்தச் சாயத்தை எங்க வேணும்னாலும் பூசிக்கோ, அருவியை வயலட்டாகூட விடு, அந்த ஒரு சேலைக்கு மட்டும் நான் சொல்லுத நிறம்தான்னு நின்னுட்டேன். அவன் என்னென்னமோ மஞ்சளக் காட்டுதான். ஒண்ணு எலுமிச்சம் பழம், ஒண்ணு பிள்ளை வயித்தால போன நிறம், சீ! "நீங்க ஒரு துணியில காட்டுங்க ஆச்சி, நான் போட்டோ பிடிச்சுக்கிடுதேன்"னான். அதான் மஞ்சக் கெழங்கை உரசி, வேட்டியை முக்கி, மூணாவது தடவை சரியா வந்திருக்கு. சத்தியம் என்னாச்சுன்னு கேக்கியா? முருகன் வந்து கேக்கட்டும், நான் பேசிக்கிடுதேன். இன்னைக்குச் சாயங்காலம் ஒன் வீட்டுல எங்க அத்தை மஞ்சக் கட்டிக்கிட்டு நடப்பா, எல்லாவளும் பாக்கட்டும். நீயும் ஒன் மாமியாளைக் கூட்டிட்டு வந்து முன்னால உக்காரு. நம்ம...

ஐயோ, சாரல்லா விழுது! ஏட்டி, பாத்துக்கிட்டே நிக்கியே, ஓடு, வேட்டியோட அந்தப் பக்கத்து நுனியைப் பிடி! இன்னும் அவன் போட்டோகூட எடுக்கல. நனைஞ்சா வெளுத்துரும்ட்டி, வெளுக்க விட்டுராதே!