மாமாவின் ரத்தத்தில் மூன்று கோடுகள்

ஆய்வகத்தில் அவளை ஜெல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தத்திலிருந்து கிருமியின் மரபணுவைப் பிரித்து, பெருக்கி, ஜெல் என்ற கூழ்த்தகட்டில் ஓடவிட்டு, புற ஊதா விளக்கின் கீழே கோடு தெரிகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஆடு மாடுகளிலிருந்து மனிதருக்குத் தாவும் புருசெல்லா அவளுடைய பரம எதிரி. தன்னைத் தின்ன வரும் ரத்த அணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் கில்லாடிக் கிருமி அது. அந்த வித்தையை அதற்குக் கொடுக்கும் மூன்று மரபணுக்களைத்தான் அவள் தேடுவாள். வீட்டில் யாராவது கேட்டால், திருடனின் கள்ளச்சாவியைத் தேடுகிறேன் என்பாள்.

இந்த முறை திருடன் தன் அக்கா வீட்டிலேயே நுழைந்திருப்பதாக அவளுக்குச் சந்தேகம். அக்காவின் கணவரான மாமா, பால் பண்ணையில் மாடுகளுக்கு வெறுங்கையாலேயே பிரசவம் பார்ப்பவர். சாயங்காலமானால் அவருக்குக் காய்ச்சல், விடிந்தால் வேர்வை. முதுகை நிமிர்த்த முடியவில்லை. மருத்துவர் முதுகெலும்புக் காசநோய் என்று நினைத்தார். ஜெல்லில் ஒன்றும் வராவிட்டால் திங்கட்கிழமை காசநோய் மருந்தைத் தொடங்கிவிடுவதாகச் சொன்னார். நோய் வேறாக இருந்தால், அந்த மருந்து முடிவதற்குள் முதுகெலும்பு அரித்துப்போகும்.

ஜெல் வெறுமையாக இருந்தது. மறுபடி ஓட்டினாள், அப்போதும் வெறுமை.

"ஊரான் ரத்தத்துல எல்லாம் கண்டுபிடிக்கிற. உங்க மாமா ரத்தம் மட்டும் உனக்குத் தண்ணியாடி?" என்று அக்கா போனில் கேட்டாள்.

போனைக் காதில் வைத்தபடியே ஜெல்லின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. எந்த ரத்தத்திலும் கிருமியோடு மனித மரபணு ஒன்றையும் சேர்த்துத் தேடுவது வழக்கம். மனித ரத்தம் என்றால் அந்தக் கோடு விழுந்தே ஆக வேண்டும். மாமாவுக்கு அந்தக் கோடும் இல்லை. கிருமியையே தேடிய அவசரத்தில் அதை அவள் பார்க்கவே இல்லை.

"அக்கா, இந்த ஜெல்லை நம்பினா மாமா மனுஷனே இல்ல."

"அது எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்," என்றாள் அக்கா.

ஓடிப்போய்க் குழாயை எடுத்துப் பார்த்தாள். பச்சை மூடி. மரபணுச் சோதனைக்கு ஊதா மூடிக் குழாயில்தான் எடுக்க வேண்டும். பச்சை மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்து மரபணுவைப் பெருகவே விடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் கற்ற பாடம். அக்காவோடு வாயாடிக்கொண்டே, கைக்குக் கிடைத்த குழாயில் ரத்தம் எடுத்தவள் அவளேதான்.

அன்றே ஊதா மூடிக் குழாயோடு போய் நின்றாள். மாமா முனகிக்கொண்டே கையை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத ஆய்வகத்தில் புதிய ஜெல்லின் மேல் புற ஊதா விளக்கைப் போட்டாள். மனிதக் கோடு பளிச்சென்று நின்றது. பக்கத்தில் கிருமியின் மூன்று கோடுகளும் வரிசையாக. சரிபார்ப்பதற்காக வெறும் தண்ணீர் விட்ட குழியில் எதுவும் இல்லை. இன்னொரு முறை ஓட்டினாள். மீண்டும் அதே மூன்று. நாற்காலியைத் தள்ளிவிட்டு அந்த வெற்று அறையில் ஒரு சுற்று ஆடிவிட்டுத்தான் போனை எடுத்தாள்.

மருத்துவர் நேரில் வந்து குனிந்து பார்த்தார். "திங்கட்கிழமை மருந்து ஆரம்பிக்கிறோம்மா. ஆனா நான் சொன்ன காசநோய்க்கு இல்ல, நீ சொன்ன கிருமிக்கு."

மழைக்காலம் முடிவதற்குள் காய்ச்சல் விட்டது. தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு மாமா பண்ணைக்குத் திரும்பினார். முதல் நாளே, பிறந்த கன்றை இரண்டு கையாலும் அள்ளி, முதுகு நிமிர்ந்து, தொழுவத்தின் கடைசிவரை நடந்து காட்டினார்.