ஆலிங் சானிங்கின் புகார்

மரிலூ தும்லாவுக்குப் பதினோரு வருடங்களாக ஒரே வேலைதான். விடிந்ததும் சான் அத்ரியானோ மீன்பிடித் துறைக்குப் போய், படகிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சூரை மீனையும் மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை டேப்பால் அளந்து நோட்டில் எழுத வேண்டும். மீன்வளத் துறையில் தற்காலிகப் பணி. மீன்கள் வருடா வருடம் சிறுத்துக்கொண்டே வருவது நோட்டில் தெரிந்தது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. அதற்காகவே இலோயிலோ நகரப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க ஆசைப்பட்டாள். உதவித்தொகைக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. ஜூலையில் அவளுக்கு அது முடிகிறது. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்டிருந்தார்கள். பழைய பேராசிரியையிடம் ஒன்று, மேலதிகாரியிடம் ஒன்று வாங்கியாயிற்று. மூன்றாவது, அவள் வேலையை அன்றாடம் நேரில் பார்ப்பவரிடமிருந்து வர வேண்டும்.

"மேயர்கிட்ட வாங்கிடலாம். பெரிய கையெழுத்தப் பாத்தா எவன் வேணாம்பான்?" என்றான் கணவன் போயிங். டிரைசிக்கிள் என்கிற மூன்று சக்கர வாடகை வண்டி ஓட்டுகிறவன்; ஊரில் அவனுக்குத் தெரியாத வாசலே இல்லை. இரண்டே நாளில் கடிதத்தோடு வந்தான்.

மேயர் அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரே அச்சு. போன வாரம் யாரோ கூடைப்பந்து வீரனுக்குக் கொடுத்ததில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். "மரிலூ தூரத்திலிருந்து பந்து எறியும் அழகைக் கண்டு ஊரே பெருமை கொள்கிறது" என்றிருந்தது. பாதிரியாரின் கடிதத்தையும் வாங்கி வந்திருந்தான். மரிலூ சுருதி தவறாமல் பாடுவாளாம்.

"கிழிஞ்சுது போ. நான் மீனு அளக்கறத ஒருத்தர்கூடப் பாத்ததில்லையா?" என்றாள் மரிலூ. கடைசி நாளுக்கு இரண்டே நாள்தான் இருந்தது.

பார்த்தவர் ஒருவர் இருந்தார். மீன் மொத்த வியாபாரி சானிங் அம்மாள், ஊர் வழக்கில் ஆலிங் சானிங், மரிலூவின் ஜென்ம விரோதி. இரண்டு வருடத்துக்கு முன் அவளை மாற்றச் சொல்லி அலுவலகத்துக்கு மூன்று பக்கப் புகார் எழுதியவர். விளக்கம் கேட்டு அலுவலகம் தந்த நகல் இன்னும் பீரோவில் கிடந்தது. மரிலூ எடுத்துப் படித்தாள்.

"புயல் எச்சரிக்கை அன்றும் குடையோடு வந்து நிற்கிறாள். ஐஸ் உருகுகிறது என்று கத்தினாலும் ஒரு மீனைக்கூட அளக்காமல் விடுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு விலை உயர்ந்த சூரை வயிற்றுத் துண்டு கொடுத்தேன். வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். என் மீன் சிறுத்துவிட்டது என்று நோட்டை என் மூஞ்சிக்கு நேரே காட்டுகிறாள்."

நகலைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினாள். ஆலிங் சானிங் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"இத விண்ணப்பத்தோட அனுப்பலாமா, ஆலிங் சானிங்? உங்க கையெழுத்து வேணும்."

"ஏண்டி, உனக்குப் பைத்தியமா? நான் உன்னத் துரத்தத்தானே அத எழுதினேன்!"

"இடம் கெடச்சா ரெண்டு வருஷம் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

கரும்பு தின்னக் கூலியா? மீன் வாடையடிக்கும் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார் ஆலிங் சானிங். "அப்படிச் சொல்லுடி என் தங்கமே! பேனாவக் குடு." மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடியில் ஒரு வரியும் சேர்த்தார்: "இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை."

நேர்காணலில் அந்தப் புகாரைப் படித்த பேராசிரியர்கள் வேறெதுவும் கேட்கவில்லை. "அந்த நோட்டெல்லாம் கொண்டு வந்தீங்களாம்மா?" என்றார்கள். பதினோரு நோட்டும் கைக்குக் கை மாறின. மரிலூவுக்கு இடம் கிடைத்தது.

அவள் போன நாலாவது மாதம் அலுவலகத்துக்கு இன்னொரு புகார் வந்தது. மேலதிகாரி சிரித்துக்கொண்டே அதைப் படமெடுத்து மரிலூவுக்கு அனுப்பினார். கையெழுத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"புதிதாக வந்தவர் பத்து மீனுக்கு ஒன்றைத்தான் அளக்கிறார். மழை வந்தால் வீட்டுக்குப் போய்விடுகிறார். வயிற்றுத் துண்டு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். மீன் நிஜமாகவே சிறுத்துத்தான் வருகிறது. அதை யார் எழுதி வைப்பது? இரண்டு வருடம் முடிந்த மறுநாளே அவளைத் திருப்பி அனுப்பவும். ஒரு நாள் தாமதமானாலும் மறுபடி எழுதுவேன்."