இன்ஸ்பெக்டர் வந்த நாட்களில் நாங்கள் நாலு பேர்

முந்தாநாள் எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். ஏரிப் பக்கத்துக் காற்று அந்த வாடையை நேராக என் வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டது. கருவாட்டு வாடையிலேயே வளர்ந்த மூக்கு இது, எதற்கும் அசையாது. ஆனால் பள்ளிக்கூடச் சுவரின் ஈர வாடை வந்தால் மட்டும் எனக்கு உடம்பு எரியும். ஏன் என்று சொல்கிறேன், இருங்கள்.

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எழுதத் தெரிந்தது என் பேர் மட்டும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் பக்கத்து வீட்டு தேவி. “என் பேரப் போடாத அத்த” என்கிறாள். போடு என்றேன். போட்டிருக்கிறாள்.

அந்தக் காலத்தில் பெயின்ட் ஏது? சுண்ணாம்புதான். அதுவும் பொங்கலுக்கோ புதுவருசத்துக்கோ இல்லை, இன்ஸ்பெக்டர் வந்தால் மட்டும். எங்கள் உப்புத்தண்ணீர் ஏரியில் கிளிஞ்சல் பொறுக்கி, காளவாயில் சுட்டு, பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது கொதகொதவென்று பொங்கும். அந்தச் சூட்டு வாடை தெருமுனை வரைக்கும் வரும். வந்தால் தெரிந்துகொள்ளலாம், இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், பிள்ளைகளுக்குக் கணக்கும் சயின்ஸும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கப்போகிறார் என்று.

எங்கள் வாத்தியார் பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்து, அப்புறம் படகேறி வருவார். படகிலிருந்து இறங்கும்போது செருப்பைக் கையில் தூக்கிக்கொள்வார். எங்கள் சேறு செருப்பில் ஒட்டக்கூடாது, காலில் ஒட்டலாம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். பிரம்பைக்கூட மெதுவாகத்தான் வீசுவார். நான் மூணாம் வகுப்பில் இருந்தபோது, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த அன்று சாயங்காலம், என்னையும் என் மாமன் மகன் தாசுவையும் இன்னும் ரெண்டு பேரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்.

“நாளைக்கு நீங்க நாலு பேரும் வரவேணாம். கிளிஞ்சல் பொறுக்கப் போங்க.”

என் புத்தியைக் கேளுங்கள். எங்களுக்கு மட்டும் லீவு கொடுத்தாரே, நம்மேல் இவருக்கு எவ்வளவு பிரியம் என்று நினைத்தேன்! மறுநாள் பறிக்கூடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முட்டளவுத் தண்ணீரில் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தேன். வீட்டுக்கு வந்து பெருமையாகவும் சொன்னேன். அடுத்த வருசமும் மூணாம் வகுப்புதான், அடுத்த இன்ஸ்பெக்டர், அடுத்த லீவு. பள்ளிக்கூடச் சுவரை வெள்ளையாக்கின சுண்ணாம்பு நாங்கள் பொறுக்கின கிளிஞ்சல்தான். கிளிஞ்சல் உள்ளே இருந்தது, நாங்கள் வெளியே இருந்தோம்.

அந்த ரெண்டாம் தடவைதான் எனக்கு உறைத்தது. சாயங்காலம் காந்தா வந்தாள். வகுப்பில் முதல் வரிசைக்காரி.

“இன்ஸ்பெட்டரு நண்டுக்கு எத்தினி காலுனு கேட்டாருடி. நான் எட்டுனு சொன்னேன். தப்புன்ட்டாரு.”

“பத்துடி” என்றேன். “ரெண்டு கடிக்க, ஆறு நடக்க, ரெண்டு நீந்த. கடைசி ரெண்டும் துடுப்பு மாதிரி தட்டையா இருக்கும், பாத்ததில்ல?”

“இன்னாடி பெருசா பேசற? நீதான் அங்க இல்லியே.”

இல்லையே. அந்த ஒரு வார்த்தை இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. எனக்குக் கூட்டல் வராது, ஒத்துக்கொள்கிறேன். பலகையில் ஏழையும் ஒன்றையும் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். ஆனால் நண்டு தெரியும். தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவியே ஆணா பொட்டையா என்று சொல்லுவேன். அந்த ஒரு கேள்விக்காவது நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

நைனாவிடம் போய் அழுதேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “வாத்தியாரு சொன்னா செரியாத்தான் இருக்கும். ஒரு நாள்தான? வுடு” என்றார். விட்டுவிட்டேன், பள்ளிக்கூடத்தையே.

சரி, முந்தாநாளுக்கு வருகிறேன். பெயின்ட் வாடை அடித்த அன்று சாயங்காலம் தேவியின் மகள் மேனகா குதித்துக்கொண்டு வந்தாள். அவளும் மூணாம் வகுப்புதான்.

“ஆயா, நாளைக்கு எனக்கு மட்டும் லீவு! மாவட்டத்துலேர்ந்து அடைவுத் தேர்வு வெக்க வராங்களாம். டீச்சர் என்ன வரவேணான்ட்டாங்க. ஜுரம்னு எழுதிக்கிறாங்களாம்.”

அவள் முகத்தில் இருந்தது அன்றைக்கு என் முகத்தில் இருந்த அதே சந்தோசம். தேவியோ, “வுடு அத்த, ஒரு நாள்தான?” என்கிறாள். (எழுதுடி, நீ சொன்னதுதானே.) என் நைனா சொன்ன அதே வார்த்தை. அவர் எப்போதோ செத்துப்போனார், வார்த்தை சாகவில்லை.

நேற்றுக் காலை மேனகாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். டீச்சர் சின்ன வயசுப் பெண், ஸ்கூட்டரில் வருகிறவள். வாசலிலேயே மறித்தாள்.

“அம்மா, உங்களுக்குப் புரியாது. இவளுக்கு வகுத்தலே வரல. கணக்குலயும் அறிவியல்லயும் நாம கீழ போனா, பள்ளிக்கூடத்த மூடி டவுன் பள்ளிக்கூடத்தோட சேத்துடுவாங்க. இருக்கறதே கொஞ்சம் புள்ளைங்க. எல்லாரும் பஸ் ஏறணும்.”

பொய் சொல்லவில்லை அவள். கண் கலங்கித்தான் இருந்தது. ஒண்ணாம் வகுப்புக் குஞ்சுகள் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போவது எனக்கும் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் கேட்டேன்:

“ஏம்மா, வகுத்தல் வரலன்னா யாரு குத்தம்? அவங்க பாக்க வரது இவளுக்கு இன்னா வரலனுதான? இவள ஒளிச்சு வெச்சிட்டு எதக் காட்டப்போற, சொவத்தையா?”

“இவ ஒருத்தியால பள்ளிக்கூடமே போயிடும்மா.”

“போனா போவட்டும். இவள வெளிய நிறுத்தித்தான் நிக்கும்னா, அது நின்னு இன்னா ஆவப்போவுது?”

அதற்குள் மாவட்டத்து வண்டி வந்து நின்றது. டீச்சர் வழிவிட்டாள். பரீட்சை முடிகிற வரைக்கும் நான் கைப்பம்பு மேடையில் உட்கார்ந்திருந்தேன், யாராவது அவளை வெளியே அனுப்பினால் கேட்போம் என்று.

மேனகா விரலெல்லாம் மையோடு வந்தாள். விடைக்கு நேராக இருக்கிற வட்டத்துக்குள் கருப்படிக்க வேண்டுமாம்.

“எல்லாம் தப்புனு நெனைக்கிறேன் ஆயா.”

“பேர் எழுதினியா?”

“எழுதிட்டேன்.”

பள்ளிக்கூடம் நிற்குமா போகுமா, இன்னும் தெரியாது. போனால் குப்பமே என்னைத் திட்டும். திட்டட்டும், நானும் திட்டத் தெரிந்தவள்தான்.

புறப்படும்போது டீச்சரிடம் என் காலத்து ரிஜிஸ்டர் இருக்கிறதா, அந்த ரெண்டு நாளும் எங்கள் பேருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பாவம், பீரோ முழுக்கத் தேடினாள். பழையதெல்லாம் ஒரு வெள்ளத்தில் ஊறிப்போய்த் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். காளவாயும் இல்லை. கிளிஞ்சல் பொறுக்கின திட்டு தண்ணீருக்குள் போய்விட்டது. தாசு போய்ச் சேர்ந்துவிட்டான், மற்ற ரெண்டு பேர் எங்கே என்றே தெரியவில்லை. நிற்கவைத்து ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால் வாத்தியாரும் இல்லை. மேனகா போட்ட தப்பெல்லாம் அவள் பேரோடு ஒரு தாளில் மாவட்டத்துக்குப் போயிருக்கிறது. நாங்கள் நாலு பேர் போட்டிருக்கக்கூடிய தப்பைக்கூட யாரும் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.